தங்கச்சிமடத்திலிருந்து முசன்னாவுக்கு: டிங்கி பாய்மரப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமன் நாட்டின் முசன்னாவில் நடந்த ஒரு பன்னாட்டுப் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டு, ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் ஊரான தங்கச்சிமடத்துக்குத் திரும்பியதிலிருந்து, தேநீர்க்கடை, ஐஸ் ஆலை, கல்யாண வீடு, துக்க வீடு என்று எங்கே போனாலும் கேள்விகள். துக்க வீட்டில் கேட்டவரை மன்னித்துவிட்டேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் இன்னொரு கோளாறும் நடந்தது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் பிடித்த இடம் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. 37-ஆவது இடம் ஒரு கட்டத்தில் 'முப்பதுக்குள்' என்று ஆகிவிட்டது. அது இன்னும் முன்னேறுவதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

டிங்கி என்பது என்ன? நம் வத்தையில் (சிறு நாட்டுப்படகில்) பாய் கட்டினால் அதுவும் டிங்கிதானே?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. டிங்கி என்பது அறையோ எஞ்சினோ அடியில் பாரமோ இல்லாத சிறிய பாய்மரப் படகு. நான் ஓட்டுவதன் பெயர் இல்கா 6. பழைய ஆட்கள் லேசர் என்பார்கள்; 2019-இல்தான் பெயர் மாறியது. கனடாக்காரரான புரூஸ் கிர்பி வடிவமைத்த படகு இது. நீளம் 4.2 மீட்டருக்குச் சற்று மேல், உடலின் எடை 59 கிலோ. இரண்டு பேர் தூக்கி மணலில் வைத்துவிடலாம். ஒரே உடலில் மூன்று அளவுப் பாய்களில் ஒன்றைப் போடலாம். அதை வைத்துத்தான் இல்கா 4, 6, 7 என்ற வகுப்புகள். என்னுடையது நடு அளவு, சுமார் 5.7 சதுர மீட்டர்.

தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காற்று கூடினால் குறுக்குப் பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகைச் சாயாமல் பிடிப்பார்கள். டிங்கியில் அந்த ஆளும் நான்தான், சுக்கான் பிடிப்பவனும் நான்தான், பாயைக் கட்டுப்படுத்தும் தாமான் கயிறு இழுப்பவனும் நான்தான். சண்டை போடக்கூட இன்னொருவர் கிடையாது. படகு எல்லோருக்கும் ஒரே அச்சு என்பதால் தோற்றால் படகைக் குறை சொல்லவும் வழியில்லை. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான், பிடிக்காததும் இதுதான்.

நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு நீர் விளையாட்டு முகாமில் மீட்புப் படகு ஓட்டும் வேலைக்குப் போனேன். பட்டம் கட்டிச் சறுக்கும் வெளியூர்க்காரர்களைக் கடலிலிருந்து பொறுக்கிக்கொண்டு வருவது வேலை. அங்கே ஒரு பழைய லேசர் கவிழ்ந்து கிடந்தது. மதிய நேரத்தில் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். ஒன்பது வருடம் ஆகிறது.

இந்தக் கரையில் பயிற்சி எடுப்பதில் அப்படி என்ன வசதி?

எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் பெரியவர்கள் ஒன்றைப் பெண்கடல் என்பார்கள், மற்றதை ஆண்கடல் என்பார்கள். எது பெண், எது ஆண் என்பது மாதத்தைப் பொறுத்தது என்பது என் கட்சி. வைகாசி தொடங்கிக் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். நிலம் அலையை மறைத்துவிடும், காற்று மட்டும் பனைமரங்களின் மேலேறி வந்து பாயில் அறையும். அலையில்லாத தண்ணீரில் பலத்த காற்று என்பது பாய்மரப் படகு பழகுகிறவனுக்குக் கிடைத்த வரம். வடக்கிலிருந்து வரும் வாடை பிடித்ததும், கார்த்திகை மார்கழியில், எல்லாம் தலைகீழாகும். வடகடலில் குட்டை குட்டையாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறும் அலைகள் வரும். அப்போது படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விடலாம். ஒரு கடல் முறைத்துக்கொண்டால் சாலையைக் கடந்து மற்றொன்றுக்குப் போகும் வசதி எத்தனை ஊர்களில் இருக்கிறது?

நான் பெரும்பாலும் பழகுவது பிரப்பன்வலசைப் பக்கம். ஆழம் குறைவு, நெடுந்தூரம் இடுப்பளவுதான். விழுந்தால் நிற்கலாம். ஆனால் தாழை என்ற கடற்புல் இருக்கிறது. கடலடியில் புல்வெளி மாதிரி வளர்ந்து, அறுந்து மிதந்து வந்து, சுக்கானிலும், படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையிலும் பெண்கள் கூந்தலைப் போலச் சுற்றிக்கொள்ளும். படகு திடீரென்று கனத்துப் போகும். காற்று இருக்கிறது, பாய் நிறைந்திருக்கிறது, வேகம் மட்டும் இல்லை. நடுப்பலகையை ஒரு சாண் தூக்கி இறக்கினால் தாழை கழன்று பின்னால் போகும். எங்கள் ஊர்ப் பையன்கள் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வார்கள்.

வலை இன்னொரு தொல்லை. நடுப்பலகையில் யாருடைய வலையாவது மாட்டிவிட்டால் வலைக்காரரிடம் வாங்கும் திட்டுக்கு எந்த விதிப் புத்தகத்திலும் மேல்முறையீடு கிடையாது. தெற்கே போனால் தீவுகள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அழகாக இருக்கிறதே என்று ஒதுங்க முடியாது. பவளப் பாறை நடுப்பலகையைக் கடித்துவிடும் என்பது அதைவிட நல்ல காரணம்.

காற்று அடித்துக்கொண்டு போய் எல்லை தாண்டிவிட்டால்?

இந்தக் கேள்வியை வெளியூரில் ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கேட்காதவர் இல்லை.

கச்சான் காலத்தில் வடகடலில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. பாய்மரம் உடைந்தால் படகு கரைக்கு வராது, வெளியே போகும். 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமாக இருக்கிறது. மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோடு என்ன செய்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு: எஞ்சின் படகு ஒன்று கூட வராமல் யாரும் பாய் ஏற்றக்கூடாது. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு தடவை சுக்கான் ஆணி உடைந்து நான் மிதந்துகொண்டிருந்தபோது, இருபது நிமிடத்தில் பாம்பன் பாலம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துப் போனதைப் பார்த்தேன். அதன் பிறகு அந்தச் சட்டத்தை நானே மற்றவர்களிடம் சத்தமாகச் சொல்கிறேன்.

பன்னாட்டுப் போட்டி என்றால் ஒரே ஓட்டமா?

இல்லை. ஐந்து நாட்களில் ஒன்பது ஓட்டங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காற்றுக்கு எதிராகப் போய் ஒரு மிதவையைச் சுற்றி, காற்றோடு இறங்கி, மறுபடி ஏறி, இறங்கி முடிக்க வேண்டும். பாய்மரம் காற்றுக்கு நேர் எதிரே போகாது என்பதால் ஏறும்போது இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்பதில்தான் பாதிப் போட்டி.

முதலாவது வந்தால் 1 புள்ளி, இருபதாவது வந்தால் 20. கடைசியில் குறைந்த புள்ளி வைத்திருப்பவர் வெற்றி பெற்றவர். ஓடாமல் விட்டாலோ தள்ளப்பட்டாலோ, மொத்தப் படகுகளோடு ஒன்றைக் கூட்டி அந்தப் புள்ளி. எங்கள் வகுப்பில் 58 படகுகள். ஆகவே தண்டனை 59. மிக மோசமான ஓர் ஓட்டத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். அந்தச் சலுகையை நான் முதல் நாளே தீர்த்துவிட்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

படகை விமானத்தில் கொண்டு போனீர்களா?

படகை அங்கே வாடகைக்கு எடுத்தேன். பாயும் கயிறுகளும் சுக்கான் கைப்பிடியும் என்னுடையவை. ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது சுருட்டிய பாயைப் பார்த்துவிட்டு டிக்கெட் பரிசோதகர் பந்தல் துணியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பேச்சு வளரவில்லை. விமான டிக்கெட், வாடகை, நுழைவுக் கட்டணம், தங்கும் இடம் எல்லாம் சேர்த்தால் நாட்டுப்படகுக்கு ஓர் எஞ்சின் வாங்கிவிடலாம். பாதி நான் சேர்த்தது, பாதி முகாமில் படகு பழகிய இரண்டு பேர் கொடுத்தது.

போட்டிக்கு முந்தைய நாள் படகையும் பாயையும் அளந்து பார்த்து முத்திரை குத்துவார்கள். என் பாயில் எண்களை இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஒட்டியிருந்தேன். வலப்பக்கத்து எண் மேலேயும் இடப்பக்கத்து எண் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டுமாம். தரையில் மண்டியிட்டு, நகத்தால் ஒவ்வோர் எழுத்தாக உரித்து, மறுபடி ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது விரல் நுனிகளில் பசையும் மணலும் சேர்ந்து மேலே ஒரு தோல் வளர்ந்ததைப் போல இருந்தது.

போட்டி எப்படித் தொடங்கும்? துப்பாக்கி சுடுவார்களா?

ஒலியும் எழுப்புவார்கள். ஆனால் கணக்கு ஒலிக்கு இல்லை, கொடிக்கு.

தொடக்கக் கோடு கண்ணுக்குத் தெரியாத கோடு. ஒரு முனையில் நடுவர் படகு, மறுமுனையில் ஒரு மிதவை, நடுவே வெறும் தண்ணீர். 5 நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி. 1 நிமிடத்தில் அது இறங்கும். பூஜ்யத்தில் வகுப்புக் கொடியும் இறங்கினால் போகலாம். இரண்டாவதாக ஏறும் கொடியின் நிறத்தில்தான் தலையெழுத்து இருக்கிறது. நீலத்தில் வெள்ளைச் சதுரம் என்றால் தவறி முன்னால் போனவர் திரும்பி வந்து மறுபடி தொடங்கலாம். கறுப்புக் கொடி என்றால் கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் அந்த ஓட்டத்திலிருந்து காலி. விசாரணை கிடையாது.

அந்தக் கடைசி நிமிடத்தைச் சொல்ல வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் ஒன்றாகக் கிளம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எதற்கும் பிரேக் இல்லை, எஞ்சினும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 பாய்களும் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. பக்கத்துப் படகு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. யாரும் நகரக்கூடாது, யாரும் பின்வாங்கவும் மாட்டார்கள். எனக்கு இடப்பக்கம் இருந்த சிறு இடைவெளியை விட்டுவிடக்கூடாது என்பதிலேயே கண் வைத்திருந்தேன். 20, 15, 10. தாமானை இழுத்தேன், பாய் நிறைந்தது, படகு துள்ளியது. இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று நினைத்தேன்.

அதற்கு முன்பு இரண்டு தடவை கூட்டம் மொத்தமாக முந்தியதால் தொடக்கத்தை ரத்து செய்திருந்தார்கள். மூன்றாவது தடவை ஏறியிருந்தது கறுப்புக் கொடி. நான் ஒரு மணி நேரம் முழுவதும் ஓடி 31-ஆவதாக வந்து, கரையில் படகைக் கழுவி, குளித்துவிட்டு, அறிவிப்புப் பலகையைப் பார்க்கப் போனேன். என் எண்ணுக்கு நேரே 59.

நடந்தது இதுதான்: முசன்னாவில் கடல் ஏற்றவற்றம் நம் வடகடலைவிட மிக அதிகம். நின்ற இடத்தில் நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் என்னைக் கோட்டின் மேல் தள்ளிக்கொண்டிருந்தது. பாம்பன் கால்வாயில் எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திமிரில் அங்கே தண்ணீரைப் பார்க்கவே இல்லை. மிதவையின் கயிற்றைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்ததாம். மறுநாள் பார்த்தேன், சுழித்துக்கொண்டுதான் இருந்தது.

யார் யாருக்கு வழிவிட வேண்டும்? நடுவர்கள் கூடவே வருவார்களா?

காற்று வலப்பக்கத்திலிருந்து வரும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் மறுபக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். மிதவைக்கு மூன்று படகு நீளத்துக்குள் வந்துவிட்டால் உள்பக்கம் இருப்பவருக்கு இடம் கொடுக்க வேண்டும். விதிப் புத்தகம் பெரியது; கடலில் பதற்றத்தில் இந்த மூன்றுதான் நினைவுக்கு வரும்.

யாரும் விசில் ஊதித் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதுதான் ஊர்க்காரர்களுக்கு நம்ப முடியாத சங்கதி. தவறு செய்தவர் தானே ஒதுங்கி, படகை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று போதும். செய்யாவிட்டால், பாதிக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே 'ப்ரொடெஸ்ட்' என்று கத்திவிட்டு, கரைக்கு வந்து எழுதிக் கொடுத்து, விசாரணையில் சாட்சியோடு பேசலாம்.

இரண்டாம் நாள் நான் மிதவையை முழங்கையால் தொட்டுவிட்டேன். பதற்றத்தில் ஒன்றா இரண்டா என்ற சந்தேகம். பாவத்துக்கு அஞ்சி இரண்டு சுற்று சுற்றினேன். இரண்டாவது சுற்றில் ஐந்து படகுகள் தாண்டிப் போயின. அதில் ஒருவர் திரும்பிப் பார்த்து ஒரு விரலை மட்டும் காட்டிவிட்டுப் போனார். திட்டுகிறார் என்று நினைத்தேன். ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார்.

விசில் ஊதுவது ஒன்றே ஒன்றுக்கு: காற்றைத் தவிர வேறெதனாலும் படகை நகர்த்தக்கூடாது. உடம்பை ஆட்டுவது, பாயை விசிறி போல வீசுவது, சுக்கானைத் துடுப்பாக அசைப்பது எல்லாம் குற்றம். நான்காம் நாள் காற்று செத்தபோது என் கை தானாகச் சுக்கானை இப்படியும் அப்படியும் அசைத்தது. சிறு வயதிலிருந்து வள்ளத்தில் செய்வதுதான். விசில், மஞ்சள் கொடி, என் எண். மறுபடி இரண்டு சுற்று, அதுவும் காற்றே இல்லாதபோது. ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று.

கடலோரத்தில் பிறந்தவருக்கு இதெல்லாம் எளிதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். மேலே சொன்ன மூன்று அவமானங்களில் இரண்டு கடலோரத்தில் பிறந்ததால் வந்தவை.

2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இல்கா 4 வகுப்பில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர், போபால் ஏரியில் பழகியவர். மத்தியப் பிரதேசத்தில் கடல் எங்கே இருக்கிறது? ஏரியில் பழகுகிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு: காற்று நிமிடத்துக்கு ஒரு திசையில் வரும், எப்போதும் விழித்திருக்க வேண்டும். நமக்குக் காற்று மாதக்கணக்கில் ஒரே பக்கம் அடிக்கிறது, சோம்பிவிடுகிறோம். இது என் சொந்த அனுமானம், என்னைப் பார்த்து எழுதியது.

ஆனாலும் ஒரு நாள் பிறந்த கரை கை கொடுத்தது. மூன்றாம் நாள். காலையில் கரைப்பக்கமிருந்து வந்த காற்று பத்து மணிக்கு ஓய்ந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கொடி ஏறியது, காத்திருக்கச் சொல்லி. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. எல்லோரும் படகில் படுத்துத் தூங்கினார்கள். எனக்குத் தூங்க மனம் வரவில்லை. மதியத்துக்குச் சற்று முன்னால் தொலைவில், தொடுவானத்துக்குக் கீழே, தண்ணீர் ஒரு கோடு கருத்தது. பென்சிலால் கிழித்ததைவிட மெல்லிய கோடு. அது கடல்காற்று.

எங்கள் அப்பா சொல்லுவார், கோடையில் பகலில் கொண்டல் பிடித்தால் பொழுது சாயச் சாய அது தெற்கே இறங்கும் என்று. கிழக்கிலிருந்து தெற்குக்கு, அதாவது காற்றைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கமாக. பூமத்திய ரேகைக்கு வடக்கே கடல்காற்று நேரம் ஆக ஆக இப்படித்தான் திரும்பும், பூமி சுழல்வதே காரணம் என்று பிறகு பயிற்சியாளர்களிடம் கேட்டறிந்தேன். அப்பாவுக்கு பூமி சுழல்வது தேவைப்படவில்லை.

தொடக்கத்துக்கும் அன்று ஒரு வழி கிடைத்திருந்தது. அப்பா கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பார்; மாதா கோயில் கோபுரத்தின் மேல் பின்னாலுள்ள ஒற்றைப் பனை வந்து உட்கார்ந்தால் அங்கேதான் மீன். நான் நடுவர் படகுக்குப் பக்கத்தில் நின்று கோட்டின் வழியாகப் பார்த்தேன். மிதவைக்கு நேர் பின்னால் கரையில் ஒரு பள்ளிவாசல் மினார். போதும். மினார் மிதவைக்கு மேல் வந்து உட்கார்ந்தால் நான் கோட்டில் இருக்கிறேன். மினார் மிதவையிலிருந்து காற்று போகும் பக்கம் விலகித் தெரியும் வரை நான் கோட்டைத் தாண்டவில்லை. மற்றவர்கள் தயங்கிப் பின்னால் நின்றபோது நான் அரைப் படகு முன்னால் இருந்தேன். தொடங்கியதும் வலப்பக்கம் போனேன். கூட்டத்தில் பெரும்பகுதி இடப்பக்கம் போயிற்று. பத்து நிமிடத்தில் காற்று வலப்பக்கம் திரும்பியது.

அந்த ஓட்டத்தில் ஒன்பதாவது. ஒன்பதாவதாக வந்தவன் அழுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உப்புத் தண்ணீர்.

கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்?

கவிழ்வது விபத்தல்ல, பயிற்சியின் முதல் நாள் பாடம். படகு பக்கவாட்டில் படுத்ததும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். பாய் தண்ணீரை விட்டு மெல்ல எழும். எழுந்ததும் உள்ளே உருண்டுவிட வேண்டும். தாமானைத் தளர்த்த மறந்தால் எழுந்த வேகத்தில் மறுபக்கம் கவிழும். நல்ல கை பத்து வினாடியில் முடித்துவிடும். முசன்னாவில் மூன்று தடவை கவிழ்ந்தேன். நம்மூரில் கவிழ்ந்தால் பயம் கடலுக்கு அல்ல, சொறி என்ற ஜெல்லிமீனுக்கு. ஒரு தடவை கழுத்தில் பட்டு இரண்டு நாள் சட்டை போட முடியவில்லை.

உடம்புக்கு என்ன பயிற்சி?

கால்களை ஒரு பட்டையில் மாட்டி, உடம்பை முழுவதும் படகுக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி இல்லாத இடத்தில் நாற்காலி இருப்பதாக நினைத்து உட்காருங்கள், தொடை சொல்லும். சாப்பாடு சோறும் மீனும்தான். அங்கே பிரியாணி நன்றாக இருந்தது.

ஆங்கிலம் தெரியாமல் போக முடியுமா?

கொடிகளுக்கு மொழி இல்லை. அவற்றை மனப்பாடம் செய்தால் கடலில் சமாளித்துவிடலாம். சிக்கல் கரையில். விசாரணை, விதிகளில் செய்த மாற்றங்கள், அறிவிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். கடைசி நாள் ஒருவர் எனக்கு வழிவிடாமல் குறுக்கே வந்தார். நான் கத்தினேன், ஆனால் கரைக்கு வந்து எழுதிக் கொடுக்கவில்லை. விசாரணை அறையில் வாய் திறக்க வராது என்ற பயம். நான்கு இடமாவது போயிருக்கும். ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கு இப்போது போகிறேன். முப்பது நாள் வகுப்பில் பதினெட்டாம் நாள், இன்னும் தபால் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் எத்தனையாவது? பரிசு?

58 பேரில் 37. கழித்தது போக எட்டு ஓட்டங்களில் 280 புள்ளி. பரிசு இல்லை. கலந்துகொண்டதற்கு ஒரு பனியன் கொடுத்தார்கள், தம்பி போட்டுக்கொண்டு திரிகிறான்.

ஒலிம்பிக் போவீர்களா? தமிழ்நாட்டிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா?

நான் போக முடியாது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இல்கா 7, பெண்களுக்கு இல்கா 6. இல்கா 7-இன் பெரிய பாயைக் காற்றில் பிடித்து வைக்க எண்பது கிலோவுக்கு மேல் வேண்டும். நான் 66. சாப்பிட்டுப் பார்த்தேன், ஏறவில்லை.

ஆனால் போனவர்கள் இருக்கிறார்கள். நான் போன அதே முசன்னாவில்தான் 2021 ஏப்ரலில் டோக்கியோவுக்கான தகுதிப் போட்டி நடந்தது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அங்கே தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் பெண் ஆனார். வேலூர்க்காரரான ராணுவ வீரர் விஷ்ணு சரவணனும், இருவர் ஓட்டும் 49இஆர் படகில் கே.சி. கணபதி, வருண் தக்கர் இணையும் அங்கேதான் தகுதி பெற்றார்கள். நேத்ராவும் விஷ்ணுவும் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓட்டினார்கள். பாய்மரப் போட்டி பாரிஸில் அல்ல, பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் கடலில் நடந்தது. பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

எங்கள் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். எந்த வயதில்?

எட்டு வயதிலிருந்து. அதற்கென்று ஆப்டிமிஸ்ட் என்ற படகு இருக்கிறது: நீளம் சுமார் 2.3 மீட்டர், சோப்புப் பெட்டி போன்ற வடிவம். 15 வயது ஆகும் ஆண்டு வரை அதில் போட்டியிடலாம். முதலில் நீச்சல். கடலோரத்துப் பிள்ளைக்கு நீச்சல் தானே வரும் என்று சொல்லாதீர்கள். வராத பிள்ளைகளை நான் மீட்புப் படகில் ஏற்றியிருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைக் கரையிலேயே உட்கார வையுங்கள். சென்னையில் துறைமுகத்தை ஒட்டிப் பழைய மன்றமும் பயிற்சியும் இருக்கின்றன. இங்கே பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்தது.

வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வியாக வரும். இந்தியாவின் பெயர் பெற்ற பாய்மர ஓட்டிகளில் பலர் ராணுவத்திலும் கடற்படையிலும் இருக்கிறார்கள். மற்றபடி, மீட்புப் படகு ஓட்ட எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

அப்பா என்ன கேட்டார்?

மூன்று கேள்வி. அங்கே தண்ணீர் என்ன நிறம், என்ன மீன் சாப்பிட்டாய், காற்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள். முதல் இரண்டுக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு, ஒன்றும் செய்யாமல் அசையாமல் உட்கார்ந்திருப்போம், துடுப்பு போட்டால் குற்றம் என்றேன். அவர் வலையில் ஊசி கோர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எஞ்சின் இல்லை, துடுப்பு கூடாது, மீனும் பிடிப்பதில்லை, இதற்கு எஞ்சின் விலையில் செலவு. வேறொன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாவதாக வந்த கதையைச் சொன்னபோது, கோபுரத்துக்குப் பதிலாக மினாரை வைத்ததைக் கேட்டு, "பனை எங்கே?" என்றார். பின்னால் ஒன்றும் இல்லை, மிதவையும் மினாரும் மட்டும்தான் என்றேன். இரண்டும் கரையில் இருந்தால்தான் சரியாக இருக்கும், மிதவை நகரும் என்றார். உண்மைதான், மிதவையின் நங்கூரக் கயிறு தண்ணீர் ஓட்டத்தில் இழுபடும்.

அடுத்த போட்டி எப்போது?

பணம் சேரும்போது. படகு இப்போது மணலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நடுப்பலகையின் நுனியைப் போன வாரம் பாறை கடித்துவிட்டது. பசை ஊற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாடை பிடிப்பதற்குள் காய்ந்துவிடும்.